நீரின் சூட்டை யார் அறிவது? கணினிக் குளிர்விப்பும் லினக்ஸும்

2021 ஜூன் இறுதியில் வெளியான லினக்ஸ் கெர்னலின் 5.13ஆம் பதிப்பில் ஒரு சிறிய இயக்கி நிரல் இடம்பெற்றது. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் கிராக்கன் வரிசையில் எக்ஸ்42, எக்ஸ்52, எக்ஸ்62, எக்ஸ்72 என்ற நான்கு திரவக் குளிர்விப்பான்களுக்கு உரியது அது. அந்நிரல் தருவது மூன்று எண்கள் மட்டுமே: குளிர்நீரின் வெப்பநிலை, விசிறியின் சுழற்சி வேகம், பம்பின் சுழற்சி வேகம். அது பம்பை வேகப்படுத்தாது, விசிறியை நிறுத்தாது, விளக்குகளின் நிறத்தைத் தொடாது. படிக்க மட்டுமே தெரிந்த நிரல். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட கெர்னலில் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது.

ஆயினும் அந்த மூன்று எண்களும் லினக்ஸ் பயனரை முறையான வழியில் வந்தடையப் பல ஆண்டுகள் ஆயின. எண்கள் இல்லாமல் இல்லை. குளிர்விப்பானின் உள்ளேயே உணரி இருந்தது. அது அளந்துகொண்டும் இருந்தது. அளந்ததைச் சொல்லும் மொழியைத்தான் யாரும் வெளியிடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் ஓடும் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வாங்கியவர் ஏன் துப்பறிய வேண்டி வந்தது? இக்கேள்விக்கு விடை காணக் கணினிக் குளிர்விப்பின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கணினியை நீரால் குளிர்விப்பது, விளையாட்டுப் பிரியர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் தோன்றிய பழக்கமன்று. 1960களிலேயே ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையின் 91ஆம் மாதிரியில் நீரின் துணையை நாடியது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரே கன அளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடேற்றினால், நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெப்பத்தைக் கடத்துவதிலும் அது காற்றைவிட 20 மடங்குக்கு மேல் திறமையானது. சிறிய இடத்தில் பெருகும் வெப்பத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோக நீரைப் போன்ற மலிவான ஊர்தி வேறில்லை. மின்சாரத்தோடு அதற்குள்ள பகை ஒன்றே தடை.

அந்தப் பகையைத் தவிர்க்க ஐபிஎம் கண்ட வழி அழகானது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 என்ற பெருங்கணினியில், ஒரு பீங்கான் பலகையின்மீது 100க்கும் மேற்பட்ட சில்லுகள் பதிக்கப்பட்டன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஓர் உலோகப் பிஸ்டன் தொட்டுக்கொண்டிருந்தது. இடுக்குகளில் ஹீலியம் வாயு நிரப்பப்பட்டது. காற்றைவிட அது பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இவற்றுக்கு மேலே நீர் ஓடும் குளிர்த்தகடு. சில்லுக்கும் நீருக்கும் இடையே உலோகம் காவல் நின்றது. இன்று மேசைக் கணினியின் செயலிமேல் அமர்த்தப்படும் செம்புக் குமிழும் இதே ஏற்பாட்டின் எளிய வாரிசுதான்.

அந்தக் காலத்தில் நீர் கட்டடத்துக்குச் சொந்தமானதாக இருந்தது. பெருங்கணினி வாங்கும் வங்கியோ பல்கலைக்கழகமோ குளிர்நீர் எந்திரத்தையும், குழாய்களையும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களையும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நீர் எந்தச் சூட்டில் உள்ளே போகிறது, எந்தச் சூட்டில் வெளியே வருகிறது என்பது பராமரிப்புப் பொறியாளரின் அன்றாடக் கணக்கு. இயந்திரத்தின் உட்பகுதி ஐபிஎம்மின் இரகசியமாக இருந்திருக்கலாம்; அதன் நீர் எவருக்கும் இரகசியமாக இருக்க இயலவில்லை. குழாய் போட்டவருக்குத் தெரியாமல் குழாயில் என்ன ஓடும்?

சீமோர் கிரே வடிவமைத்த கணினிகள் வேறொரு பாதையில் சென்றன. 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குச் சென்ற முதல் கிரே-1, நீருக்குப் பதிலாகக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் ஃப்ரீயானை நம்பியது. மின்சுற்றுப் பலகைகள் இரண்டிரண்டாக ஒரு செம்புத் தகட்டின் இருபுறமும் பொருத்தப்பட்டன. தகடு வெப்பத்தை ஓரத்துக்குக் கொண்டுவந்தது. ஓரத்தில் இருந்த உலோகத் தூண்களுக்குள் ஃப்ரீயான் குழாய்கள் ஓடின. குளிர்விப்புக்குப் பொறுப்பேற்றவர் டீன் ரௌஷ் என்ற பொறியாளர். தொடக்கத்தில் இணைப்புகள் கசிந்தன. ஃப்ரீயானோடு கலந்திருந்த மசகெண்ணெய் வெளியேறிப் பலகைகளின்மேல் படிந்து மின்சுற்றுகளைக் கெடுத்தது. குழாய்களைப் பற்றவைக்கும் முறையையே மாற்றிய பின்னர்தான் இயந்திரம் நிலைபெற்றது. உலகின் மிக வேகமான கணினியைத் தடுத்து நிறுத்தியது தருக்கச் சுற்றில் நேர்ந்த பிழையன்று, எண்ணெய்க் கசிவு என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளலாம். 1985இல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், மின்கடத்தாத ஃப்ளூரினெர்ட் திரவத்துக்குள் சுற்றுகளையே அமிழ்த்தி வைத்தது. அதற்குக் ‘குமிழிகள்’ என்ற செல்லப்பெயரும் வாய்த்தது.

இந்தியாவின் அறிவியல் வரலாற்றில் இந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் பருவமழையை முன்கூட்டிக் கணிப்பதற்காக இந்தியா கேட்டது இரண்டு செயலிகள் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி/24. நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் அமெரிக்கா இசைந்தது ஒற்றைச் செயலி கொண்ட எக்ஸ்-எம்பி/14க்கு. அது டெல்லியில், நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தில் நிறுவப்பட்டது. அந்தக் கசப்பின் பின்னணியில் 1988இல் சி-டாக் தோன்றியதும், 1991இல் பரம் 8000 வெளிவந்ததும் பலரும் அறிந்த கதை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் வரலாறாகவே அது எப்போதும் எழுதப்படுகிறது. குளிர்விப்பு அதில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. ஆனால் டெல்லிக் கோடையில் ஒரு கிரேயை ஓட்டுவதென்றால் அதனோடு ஒரு குளிர்பதன ஆலையையும் ஓட்டுவது என்றே பொருள். கணினி ஒப்பந்தங்களின் வரலாற்றை எழுதுவோர் மின்சாரக் கட்டணச் சீட்டுகளையும் ஆவணமாகக் கொள்ளும் நாள் வரவேண்டும்.

1990களில் நீர் சட்டென்று பின்வாங்கியது. பெருங்கணினிகள் வெப்பம் மிகுந்த இருமுனை டிரான்சிஸ்டர்களைக் கைவிட்டுச் சீமாஸ் சில்லுகளுக்கு மாறின. அவை அந்நாளில் மிகக் குறைந்த மின்திறனையே உண்டன. விசிறிக் காற்றே போதுமானதாயிற்று. ஐபிஎம்மின் பெருங்கணினிகளும் 1994 முதல் இப்பாதைக்குத் திரும்பின. லினக்ஸ் பிறந்தது இந்தக் குளிர்ந்த இடைவேளையில்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை எழுதிய 386 வகைச் செயலிக்குப் பொதுவாக வெப்பத் தகடுகூடத் தேவைப்படவில்லை. வெப்பம் என்பது இயக்கமுறைமை கவலைப்பட வேண்டிய பொருள் என்ற எண்ணமே அந்தத் தொடக்க வடிவமைப்பில் இல்லாமற்போனதில் வியப்பில்லை.

அக்கவலை வந்தபோது அதற்கு முகம்கொடுத்தது 1998இல் தொடங்கிய எல்எம்-சென்சார்ஸ் என்ற தன்னார்வத் திட்டம். தாய்ப்பலகைகளில் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் விசிறி வேகத்தையும் அளக்கும் எல்எம்78 போன்ற சில்லுகள் இடம்பெறத் தொடங்கியிருந்த காலம் அது; திட்டத்தின் பெயரிலுள்ள எல்எம் அங்கிருந்து வந்ததே. அச்சில்லுகளைப் பற்றிய தரவேடுகள் பெரும்பாலும் பொதுவில் கிடைத்தன. ஆயினும் எந்தத் தாய்ப்பலகையில் எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

அவ்வாறு தட்டியதில் ஒருமுறை வீடே இடிந்தது. ஐபிஎம்மின் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், உணரிகளைத் தேடும் அந்த நிரல் அனுப்பிய சாதாரண விசாரிப்பு, அதே தடத்தில் இருந்த ஒரு நினைவகச் சில்லின் உள்ளடக்கத்தைச் சிதைத்துவிட்டது. கணினி மீண்டும் எழ மறுத்தது. வெப்பநிலையைப் படிக்கப் போனவர் கையில் உயிரற்ற மடிக்கணினி எஞ்சியது. அதன்பின் ஐபிஎம் இயந்திரம் என்று தெரிந்தால் அந்நிரல் தேடலையே மறுத்துவிடும்படி மாற்றப்பட்டது. லினக்ஸின் வன்பொருள் கண்காணிப்பாளர்களிடம் இன்றுவரை காணப்படும் ஓர் எச்சரிக்கை மனப்பான்மைக்கு இப்படிப்பட்ட அனுபவங்களே விதை: அறியாத கருவியிடம் கேட்பதுகூட ஆபத்து, அதில் எழுதுவது இன்னும் பெரிய ஆபத்து. பிற்காலத்தில் குளிர்விப்பான்களின் இயக்கிகள் ஏன் அவ்வளவு தயங்கித் தயங்கி நடந்தன என்பதைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு உதவும்.

நீர் மீண்டும் வந்த ஆண்டு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் 2004ஐச் சுட்டலாம். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அது உண்ணும் மின்திறனும் அதற்கேற்பக் குறையும் என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் வகுத்த விதி தளரத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட பிரெஸ்காட் வகைப் பெண்டியம் 4 செயலிகளில் உயர்ந்தவை 115 வாட் வரையிலான வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டிருந்தன. அதற்கு அடுத்து வரவிருந்த டெஜஸ் என்ற செயலியை இன்டெல் மே மாதத்தில் கைவிட்டது. ஜூனில் ஆப்பிள் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினியைத் திரவக் குளிர்விப்போடு அறிவித்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, செயலியை அதன் வரம்புக்கு மேல் ஓட்ட விரும்பிய ஆர்வலர்கள் மீன்தொட்டிப் பம்புகளையும் காரின் வெப்பமூட்டியிலிருந்து கழற்றிய ரேடியேட்டர்களையும் கொண்டு வீட்டிலேயே குளிர்விப்பு அமைத்துக்கொண்டிருந்தனர். அவர்களும், பழைய பெருங்கணினிப் பொறியாளரைப் போலவே, தம் நீரைத் தாமே அறிந்திருந்தனர்.

இந்த அறிவைப் பயனரின் கையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் அடைத்த கண்டுபிடிப்பு, டென்மார்க்கின் ஆசெடெக் நிறுவனத்தோடு பெரிதும் தொடர்புடையது. செயலிமேல் அமரும் குமிழுக்குள்ளேயே பம்பையும் நீர்த்தேக்கத்தையும் சேர்த்து, தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடிவிடும் ஏற்பாடு அது. 2009இல் வந்த கோர்சேர் எச்50 இவ்வகையைச் சாதாரண வாங்குவோரிடம் கொண்டுசேர்த்தது. நீர் நிரப்ப வேண்டாம். குழாய் பூட்ட வேண்டாம். நான்கு திருகுகளோடு வேலை முடிந்தது. இந்த ஏற்பாட்டின் காப்புரிமைக்காக ஆசெடெக் தொடுத்த வழக்கில் 2014இல் அமெரிக்க நடுவர் குழு அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இத்துறையின் போட்டியை அவ்வழக்கு பல ஆண்டுகள் வடிவமைத்தது. அந்த வணிக வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

முதல் தலைமுறைப் பெட்டிகள் ஊமைகளாக இருந்தன. எனவே அவற்றோடு எந்தச் சிக்கலும் இல்லை. பம்பின் கம்பி தாய்ப்பலகையில் செருகப்பட்டது, வேகத்தைத் தாய்ப்பலகை சொன்னது, அவ்வளவே. சில ஆண்டுகளில் குமிழுக்குள் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லும், நீரின் சூட்டை அளக்கும் உணரியும், யுஎஸ்பி இணைப்பும் புகுந்தன. கூடவே வண்ண விளக்குகளும் வந்தன. பெட்டி இப்போது பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் அது தன் நிறுவனத்தின் மென்பொருளோடு மட்டுமே பேசியது. அம்மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது. நெறிமுறை எங்கும் வெளியிடப்படவில்லை. நீரின் சூடும் விளக்கின் நிறமும் ஒரே தடத்தில், ஒரே பூட்டுக்குப் பின்னால் இருந்தன. விளக்குக் கலைக்காக எழுதப்பட்ட மென்பொருளின் ஓரத்தில்தான் பொறியியலுக்கு இன்றியமையாத எண் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது இக்காலத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

செயலியின் வெப்பநிலையை லினக்ஸ் ஏற்கெனவே படிக்கிறதே, நீரின் வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. சில்லின் சூடு வேலை வந்த கணத்தில் 20 டிகிரி தாவும். வேலை முடிந்த கணத்தில் இறங்கும். நீர் அப்படிப்பட்டதன்று. கால் லிட்டர் நீர் சுற்றி வருவதாகவும், செயலி 150 வாட் வெப்பத்தைக் கொட்டுவதாகவும் கொள்வோம். அந்த வெப்பத்தில் சிறிதும் வெளியேறாவிட்டால்கூட நீரின் சூடு ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 7 விநாடிகள் ஆகும். வெளியேற்றமும் சேரும்போது நீர் தன் சமநிலையை அடையப் பல நிமிடங்கள் செல்கின்றன. விசிறியைச் செயலியின் சூட்டோடு கட்டிவைத்தால் அது ஒவ்வொரு சிறு வேலைக்கும் அலறி அடங்கும். அந்த அலறலால் நீருக்கு ஒரு பயனும் இல்லை. ரேடியேட்டரின் விசிறி உண்மையில் குளிர்விப்பது நீரைத்தான். ஆகவே அது கேட்க வேண்டியதும் நீரின் குரலைத்தான்.

நோயறிதலுக்கும் இரு எண்களும் சேர்ந்தே வேண்டும். செயலி கொதித்து நீர் குளிர்ந்திருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள வெப்பப் பசையிலோ குமிழின் பொருத்தத்திலோ குறை இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அறையே சூடாக இருக்கலாம். பம்பின் வேகம் சுழியம் எனக் காட்டினால் மேலும் யோசிக்க நேரமில்லை. இந்த மூன்று எண்களும் இல்லாமல், மூடி முத்திரையிட்ட பெட்டியை நம்பி வாரக்கணக்கில் கணக்கீடு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம். இப்படி வாரக்கணக்கில் ஓடும் மேசைக் கணினிகள் எங்கே அதிகம்? மூலக்கூறு இயக்கவியல் முதல் மொழித் தரவு வரை ஆராயும் பல்கலைக்கழக ஆய்வறைகளில். அங்கே பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்.

இந்தப் பூட்டைத் திறக்க லினக்ஸ் பயனர்கள் கையாண்ட முறை பொறுமையின் கலை என்றே சொல்லத்தக்கது. லினக்ஸ் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை நிறுவி அதில் விண்டோஸையும் நிறுவனத்தின் மென்பொருளையும் ஓட்டுவார்கள். குளிர்விப்பானின் யுஎஸ்பி இணைப்பை அந்த மெய்நிகர் கணினிக்குக் கொடுத்துவிட்டு, இடையே கடந்துபோகும் ஒவ்வொரு பைட்டையும் லினக்ஸின் யுஎஸ்பி கண்காணிப்பு வசதியால் பதிவுசெய்வார்கள். விசிறி வேகத்தைச் சற்று மாற்றுவார்கள். எந்தப் பைட்டு மாறியது என்று பார்ப்பார்கள். மீண்டும் மாற்றுவார்கள். கல்வெட்டில் தேய்ந்த எழுத்தை அடுத்தடுத்த படிகளோடு ஒப்பிட்டு வாசிப்பவரின் உழைப்புக்கு நெருங்கிய உறவு இது.

கிராக்கன் எக்ஸ்62 வரிசையின் செய்தி அவ்வாறு படிக்கப்பட்டபோது, அது வியக்கத்தக்க அளவுக்கு எளிதாக இருந்தது. அக்கருவி, யாரும் கேட்காமலே, அரை விநாடிக்கு ஒருமுறை தன் நிலையை அறிவித்துக்கொண்டிருக்கிறது. அறிக்கையின் முதற்பைட்டு அதன் அடையாளம். இரண்டாவது, நீரின் வெப்பநிலையில் முழு டிகிரிகள். மூன்றாவது, பத்திலொரு பங்குகள். அடுத்த இரண்டு பைட்டுகள் சேர்ந்து விசிறி வேகம். அதற்கடுத்த இரண்டும் பம்பு வேகம். 31, 4, 3, 132, 7, 208 என்று அடையாளத்துக்குப் பின் ஆறு எண்கள் வந்தால், நீர் 31.4 டிகிரியில் இருக்கிறது, விசிறி நிமிடத்துக்கு 900 முறையும் பம்பு 2,000 முறையும் சுழல்கின்றன என்று பொருள். ஆறு பைட்டுகள். இவற்றை ஒரு பக்கத் தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம்.

ஒவ்வொரு குளிர்விப்பானுக்கும் ஒவ்வோர் ஆர்வலர் தனித்தனிக் கருவி எழுதிக்கொண்டிருந்த நிலையை மாற்றியது, ஜோனாஸ் மலாக்கோ 2018இல் தொடங்கிய லிக்விட்சிடிஎல் என்ற கட்டற்ற மென்பொருள். பைத்தானில் எழுதப்பட்ட அது கிராக்கனில் தொடங்கிப் படிப்படியாகப் பல நிறுவனங்களின் குளிர்விப்பான்களுக்கும் விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் விரிந்தது. முன்னோடிக் கருவிகள் ஏற்கெனவே படித்து வைத்திருந்த நெறிமுறைக் குறிப்புகளை அது நன்றியோடு ஏற்றுக்கொண்டது. பயனர் தன் கருவியின் பைட்டுப் பதிவுகளை அனுப்புவார். மற்றொருவர் பொருள் காண்பார். மூன்றாமவர் தன் கருவியில் சோதிப்பார். இந்நெறிமுறைகளுக்கு நிறுவனங்கள் தராத ஆவணம் இப்படிப் பயனர்களின் கையால் எழுதப்பட்டது.

இதன் சட்டநிலை குறித்துத் தயங்கும் மாணவர்கள் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஒரு நிரலை முறைப்படி வைத்திருப்பவர், தனித்து உருவாக்கப்பட்ட வேறொரு நிரல் பிற நிரல்களோடு இணைந்தியங்க இன்றியமையாத தகவலைப் பெறுவதற்காகச் செய்யும் செயல், அத்தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, பதிப்புரிமை மீறலாகாது என்பது அதன் சாரம். இந்தியக் கணினியியல் பாடத்திட்டங்களில் இவ்வுட்பிரிவு பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

லிக்விட்சிடிஎல் பயனர் அழைக்கும்போது மட்டும் ஓடும் நிரல். நீரின் சூடு எப்போதும், எந்த மென்பொருளுக்கும், ஒரே முறையில் கிடைக்க வேண்டுமானால் அது கெர்னலின் வழியாக வரவேண்டும். கெர்னலில் அதற்கென ஒரு துணையமைப்பு உண்டு. வெப்பநிலையை டிகிரியின் ஆயிரத்திலொரு பங்கு அளவில், ஒரு சிறு உரைக்கோப்பாகவே அது காட்டும். 31.4 டிகிரி அங்கே 31400 என்று தோன்றும். எந்த நிரல்மொழியும் அதைப் படித்துக்கொள்ளலாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 2021ஆம் ஆண்டு இயக்கி செய்தது இதைத்தான். அதை எழுதியவரும் மலாக்கோவே. அந்நிரலில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. இரண்டு விநாடிகளுக்குமேல் கருவியிடமிருந்து அறிக்கை வராவிட்டால், அது கடைசியாக வந்த எண்ணைத் திருப்பித் தராது. தரவு இல்லை என்று சொல்லிவிடும். பழைய எண்ணைப் புதியதாகக் காட்டுவதைவிட அறியாமையை ஒப்புக்கொள்வதே பாதுகாப்பானது என்று எழுதியவர் கருதியிருக்க வேண்டும்.

பம்பையும் விசிறியையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் கருவியில் இருந்தும் அந்த இயக்கி அதைத் திறந்துவிடவில்லை. திங்க்பேட் கதையை அறிந்தவருக்கு இந்தத் தயக்கம் புரியும். தவறான ஒரு பைட்டால் பம்பு நின்றால் இழப்பு பயனருக்கு. அதே ஆண்டின் 5.15ஆம் பதிப்பில் ஜெர்மனியின் அக்வாகம்ப்யூட்டர் நிறுவனத்தின் டி5 நெக்ஸ்ட் பம்புக்கான இயக்கி வந்தது. 2024இல் வெளியான 6.9ஆம் பதிப்பில், கிராக்கனின் அடுத்த தலைமுறைக்கான இயக்கி சேர்ந்தபோது, எழுதும் உரிமையும் அதனோடு வந்தது: நீர் 20 டிகிரியிலிருந்து 59 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியிலும் இருக்கும்போது பம்பு எவ்வளவு சுழல வேண்டும் என்று 40 புள்ளிகளைப் பயனரே வகுக்கலாம். அவ்வளைவு கருவிக்குள்ளேயே பதிவதால், கணினி திணறினாலும் பம்பு தன் கடமையைச் செய்யும்.

இந்த 20, 59 என்ற எல்லைகள் இந்தியப் பயனருக்குத் தனியாகச் சிந்திக்கத் தருகின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இவ்வகைக் குளிர்விப்பான் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. காற்றிடம் வெப்பத்தைக் கொடுப்பதே அதன் தொழில். மே மாதத்தில், குளிர்சாதனம் இல்லாத நாக்பூர் அறையில் வெப்பம் 42 டிகிரி என்றால், வளைவின் முதல் 22 புள்ளிகளும் பயனற்றுக் கிடக்கும். கடும் வேலையில் நீர் அறையைவிட 10 முதல் 15 டிகிரி உயர்வது இயல்பு. அப்போது அது 52க்கும் 57க்கும் இடையே நிற்கும். எல்லைக்கு இரண்டு டிகிரி மட்டுமே மிச்சம். குளிர்நாட்டு அறைக்கு வகுத்த ஆயத்த வளைவை அப்படியே ஏற்றுக்கொண்டால், பம்பு விழித்துக்கொள்ளும்போது இடம் தீர்ந்திருக்கும். தன் அறைக்குத் தானே வளைவு வரைய முடிவது இங்கே ஆடம்பரமன்று.

இதே காலத்தில் மேல்தளத்தில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. 2012இல் மியூனிக் அருகே கார்ஷிங்கில் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் என்ற மீக்கணினி, 45 டிகிரி வரை சூடான நீராலேயே செயலிகளைக் குளிர்வித்தது. நீர் அவ்வளவு சூடாக இருக்கலாம் என்றால் ஆண்டின் பெரும்பகுதியில் குளிர்பதன எந்திரம் தேவைப்படாது, வெளிக்காற்றே போதும். அதில் ஓடியது லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் லினக்ஸ் தவிர வேறு இயக்கமுறைமையே இல்லை. இந்தியாவின் தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் 2019இல் புணேயின் ஐசர் நிறுவனத்தில் அமைந்த பரம் பிரம்மா, நீரை நேரடியாகச் செயலிகளின்மேல் உள்ள தகடுகளுக்குக் கொண்டுவரும் முறையைக் கையாண்டது. அங்கெல்லாம் நீரின் சூட்டை அறிய எவரும் பைட்டுகளைத் திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டியதில்லை. கோடிகளில் வாங்குபவர் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்டுப் பெறுகிறார். மேசைக்கு ஒன்று வாங்கும் ஆய்வு மாணவரிடம் அந்தப் பேரம்பேசும் வலிமை இல்லை. அவருக்காகப் பேசியவர்கள் முன்பின் அறியாத சில நிரலர்கள்.

கெர்னல் இயக்கி உள்ள கணினியில் இன்று லிக்விட்சிடிஎல்லை அழைத்தால், அது கருவியிடம் நேரே போகாமல் கெர்னல் தரும் கோப்புகளிலிருந்தே எண்களைப் படித்துக்கொள்கிறது. ஒரே கருவியிடம் இருவர் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விளக்குகளைக் கெர்னல் இன்னும் தொடவில்லை. 2021ஆம் ஆண்டு இயக்கியின் கையேடு, நிறம் மாற்ற விரும்புவோரை லிக்விட்சிடிஎல் போன்ற கருவிகளிடம் அனுப்பிவைக்கிறது.